பயனர் கோப்புறையில் லாராவெல்: முகப்பு திறக்கிறது, உள்பக்கங்கள் மட்டும் ஏன் 404 காட்டுகின்றன?

வணக்கம் தம்பி. பினாங்கில் உங்கள் கல்லூரி சர்வரில், அலைக்குறியுடன் (~) வரும் உங்கள் பயனர் முகவரியின் கீழ் முழு லாராவெல் (பிஎச்பி மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) புராஜெக்ட்டையும் இணையத்தில் தெரியும் பப்ளிக்_எச்டிஎம்எல் கோப்புறைக்குள் வைத்திருப்பதாகவும், முகப்பு திறந்தாலும் உள்பக்கங்கள் 404 (பக்கம் கிடைக்கவில்லை) காட்டுவதாகவும், வீட்டு மடிக்கணினியில் இதே புராஜெக்ட் நன்றாக ஓடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் நம் மாணவர்களுக்கு இப்பாடம் எடுப்பவன் என்ற முறையில் இச்சிக்கலை நான் அடிக்கடி பார்க்கிறேன். எங்கோ கிடைத்த, முகவரி மாற்றத்துக்கு அடிப்பாதையைச் சொல்லும் ரீரைட்பேஸ் வரியை உடனே ஒட்டிப் பார்க்காமல், அந்த 404 எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

இணைப்பைச் சொடுக்கியபின் உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். அலைக்குறியும் உங்கள் பயனர் பெயரும் அங்கே காணாமல் போயிருந்தால், பிழை சர்வரில் இல்லை; சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகளை நீங்கள் கையால் எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். வீட்டில் 'ஆர்ட்டிசான் சர்வ்' கட்டளையால் ஓட்டும்போது புராஜெக்ட் தளத்தின் வேரிலேயே இருப்பதால் அது தெரியாது. அந்த இடங்களில் யூஆர்எல், ரூட், அசெட் ஆகிய லாராவெல் செயற்கூறுகளைப் பயன்படுத்தினால் முகவரி தானாகவே சரியாக அமையும்.

முகவரி சரியாக இருந்தும் 404 வந்தால், 'இண்டெக்ஸ்.பிஎச்பி' என்பதை இடையில் சேர்த்து, அதாவது '/இண்டெக்ஸ்.பிஎச்பி/லாகின்' என்ற வடிவில், திறந்து பாருங்கள். அப்படித் திறந்தால் லாராவெலில் குறையில்லை, வெப் சர்வரான அப்பாச்சியின் முகவரி மாற்றம்தான் (ரீரைட்) நடக்கவில்லை. அடுத்து 'பப்ளிக்' கோப்புறையிலுள்ள '.எச்டிஅக்சஸ்' என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்பின் முதல் வரியில் பொருளற்ற சில எழுத்துகளை எழுதிச் சேமியுங்கள். 500 பிழை (சர்வர் உட்பிழை) வந்தால் அப்பாச்சி அக்கோப்பைப் படிக்கிறது. எதுவுமே மாறாவிட்டால் அக்கோப்பில் எந்தக் கட்டளைகள் செல்லும் என்று நிர்வாகி தரும் 'அலவ்ஓவர்ரைடு' அனுமதி இல்லாததால் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஆகவே நிர்வாகியிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கோப்பைப் படித்தும் பயனில்லை என்றால் ரீரைட் மாட்யூல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். லாராவெல் தன் விதிகளை 'இஃப்மாட்யூல்' கட்டுக்குள் வைத்திருப்பதால், மாட்யூல் இல்லாதபோது பிழைச் செய்தி எதுவும் தராமல் அவ்விதிகள் புறக்கணிக்கப்படுகின்றன. சோதனை முடிந்ததும் அந்த எழுத்துகளை நீக்க மறவாதீர்கள்.

உபுண்டுவின் இயல்பான பயனர் கோப்புறை அமைப்பை நிர்வாகி இயக்கினால், 404 போய் 500 வரக்கூடும். அவ்வமைப்பு முகவரி மாற்ற விதிகள் அடங்கிய 'ஃபைல்இன்ஃபோ' வகைக் கட்டளைகளை அனுமதிக்கிறது, 'ஆப்ஷன்ஸ்' கட்டளையை அனுமதிப்பதில்லை, லாராவெலின் '.எச்டிஅக்சஸ்' கோப்பிலோ 'ஆப்ஷன்ஸ்' வரி ஒன்று இருக்கிறது. பிழைப் பதிவேட்டில் 'ஆப்ஷன்ஸ் நாட் அலவ்டு ஹியர்' என்று இருந்தால் காரணம் இதுதான். அதற்கும் அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த வரியை மட்டும் எடுத்துவிடலாம்.

ரீரைட்பேஸ் பற்றிப் பலர் சொல்வது அப்பாச்சியின் பழைய பதிப்புகளுக்குப் பொருந்தும். மாற்றப்பட்ட முகவரியின் முன்னால் '/ஹோம்/' என்று தொடங்கும் வட்டுப் பாதையை அப்பாச்சி சேர்த்துவிடுவதால்தான் அவ்வரி தேவைப்பட்டது. அப்பாச்சி 2.4.16 முதல், பயனர் கோப்புறைகளுக்கு அதை விட்டுவிடலாம். பழைய சர்வராக இருந்தால் அலைக்குறி, பயனர் பெயர், புராஜெக்ட் பெயர் மூன்றும் அடங்கிய முழுப் பாதையை எழுதுங்கள். புராஜெக்ட்டை இடம் மாற்றும்போது அவ்வரியையும் மாற்ற வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும், 404-ஐவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. முழுப் புராஜெக்ட்டும் பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளே இருப்பதால், தரவுத்தளக் கடவுச்சொல் அடங்கிய '.இஎன்வி' கோப்பை எவர் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து படிக்க முடியும்; அப்பாச்சி இயல்பாக மறைப்பது '.எச்டி' என்று தொடங்கும் கோப்புகளை மட்டுமே. புராஜெக்ட்டை உங்கள் ஹோம் கோப்புறைக்கு நகர்த்திவிட்டு, அதன் 'பப்ளிக்' கோப்புறைக்கு மட்டும் பப்ளிக்_எச்டிஎம்எல் உள்ளிருந்து 'எல்என் -எஸ்' கட்டளையால் ஒரு குறியீட்டு இணைப்பு (சிம்லிங்க்) கொடுங்கள். இணைப்புக்கும் அது காட்டும் கோப்புறைக்கும் உரிமையாளர் நீங்களே என்பதால் உபுண்டுவின் இயல்பான அமைப்பு இதை ஏற்கும். 'ஸ்டோரேஜ்', 'பூட்ஸ்ட்ராப்/கேஷ்' ஆகிய இரண்டு கோப்புறைகளிலும் வெப் சர்வர் எழுத முடிகிறதா என்று பாருங்கள். பிறகு '.இஎன்வி' முகவரியை உலாவியில் நீங்களே திறந்து, அது வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தரவுத்தளக் கடவுச்சொல்லையும் அதே கோப்பிலுள்ள செயலியின் சாவியையும் ('ஆப்_கீ') இன்றே மாற்றிவிடுங்கள்.