ஐ.க்யூ. 66: சிறப்புப் பள்ளிக்கு அனுப்ப இது போதுமா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பேச்சு தாமதமாக வந்தது, படிப்பிலும் பின்தங்கியிருக்கிறான். பள்ளியில் சோதனை செய்து ஐ.க்யூ. 66 என்றார்கள். "இந்த எண்ணுக்குச் சிறப்புப் பள்ளிதான், அதுதான் நடைமுறை" என்கிறார்கள். இந்த நடைமுறை எப்படி வந்தது? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: போதாது. காரணத்தை அந்தச் சோதனையின் வரலாறே சொல்கிறது.

வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைப் பற்றி ஆராய 1904இல் பிரான்சு அரசு ஒரு குழு அமைத்தது. அதில் இடம்பெற்ற உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் அறிவுத்திறனை அளக்கும் முதல் அளவுகோலை வெளியிட்டார். யாருக்குச் சிறப்புக் கற்பித்தல் தேவை என்பதை ஊகத்துக்கு விடாமல் கண்டறிவதே நோக்கம். அறிவுத்திறன் பிறவியில் வந்த மாறாத அளவு என்ற கருத்தை 1909இல் பினே கடுமையாக மறுத்தார். பயிற்சியால் அது வளரும் என்றார். ஐ.க்யூ. என்ற ஈவுகூட (மனவளர்ச்சி வயதை உண்மையான வயதால் வகுத்து வரும் எண்) அவருடையதல்ல. அவர் இறந்த மறு ஆண்டு, 1912இல், ஜெர்மன் உளவியலாளர் வில்லியம் ஷ்டெர்ன் முன்வைத்தது அது.

கடல் தாண்டியதும் கருவியின் குணம் மாறியது. அமெரிக்காவில் பினேயின் சோதனையைப் பரப்பிய உளவியலாளர் ஹென்றி காடர்ட், அறிவுத்திறன் பரம்பரையாக வருவது என்று நம்பியவர். பிறகு அந்த எண்ணே குழந்தையின் தலையெழுத்தாயிற்று. முதலாம் வகுப்பில் சேரும் நேரத்தில் ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி இல்லாத குழந்தையைப் பள்ளிகள் மறுக்கலாம் என்று பென்சில்வேனியா மாநிலச் சட்டமே சொன்னது. பெற்றோர் அமைப்பு வழக்குத் தொடுத்து, 1972இல்தான் அந்தக் கதவு திறந்தது. இங்கிலாந்தில் 'கற்பிக்க இயலாதவர்' என்ற பிரிவு 1971 வரை இருந்தது. இத்தனைக்கும், சோதனை என்ற ஒன்றே இல்லாத 1840களில் பாரிசில் எடுவார் செகேன் இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பித்துக் காட்டிவிட்டார்!

1975இல் வந்த அமெரிக்கச் சட்டம் இதற்கெல்லாம் கடிவாளம் போட்டது. ஒரே சோதனையை வைத்துக் குழந்தையின் கல்வியைத் தீர்மானிக்கக் கூடாது, பெற்றோருக்குத் தெரிவிக்காமல் மாற்றக் கூடாது, ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் தனிநபர் கல்வித் திட்டம் வேண்டும் என்றது. 1979இல் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளைத் தனி வகுப்புக்கு அனுப்ப ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தவே தடை விதித்தது. உங்கள் பள்ளி 'நடைமுறை' என்று சொல்வது, பல இடங்களில் கைவிடப்பட்ட பழைய வழக்கம்.

இனி உங்கள் மகன். பேச்சு தாமதமான குழந்தையிடம் மொழி சார்ந்த கேள்விகளை அதிகம் கேட்டால் எண் குறைந்துதான் வரும். ஆகவே எந்தச் சோதனை, எந்த மொழியில், அதற்கு முன் செவித்திறனையும் பார்வையையும் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள். மொழி தேவைப்படாத சோதனைகளும் உண்டு. (66 என்பதும் துல்லியமான அளவு அல்ல, ஏறக்குறைய ஐந்து புள்ளிகள் கூடவோ குறையவோ செய்யலாம்.) உடுத்துவது, உண்பது, பிறருடன் பழகுவது போன்ற அன்றாடச் செயல்திறனை மதிப்பிடாமல் அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவு செய்யக் கூடாது என்பது இன்று உளவியலாளர்கள் ஏற்ற விதி. அறிக்கையில் அந்தப் பகுதி இல்லையென்றால் மறுமதிப்பீடு கேளுங்கள்.

சிறப்புப் பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சைகை மொழியில் கற்கும் காதுகேளாத குழந்தைக்கு, அதே மொழி பேசும் ஆசிரியரும் தோழர்களும் உள்ள பள்ளி பெரும் பேறு. உங்கள் மகன் விஷயத்தில் பள்ளியின் பெயர்ப்பலகை இரண்டாம்பட்சம். அடுத்த ஆறு மாதத்தில் அவன் எதைக் கற்பான், யார் கற்பிப்பார், வாரத்தில் எத்தனை மணி நேரம், மறுஆய்வு எப்போது என்று இப்போதைய பள்ளி, சிறப்புப் பள்ளி இரண்டிடமும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கும் பள்ளியில், அது எந்த வகையானாலும், சேர்க்க அவசரப்பட வேண்டாம்.