தொண்ணூறு நாளுக்குப் பின் வந்த நீட்டிப்பு உத்தரவு செல்லுமா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் என்னைப் பிப்ரவரி 3 அன்று பணியிடை நீக்கம் செய்தனர். குற்றச்சாட்டுக் குறிப்பாணை இன்னும் தரப்படவில்லை. மே 12 தேதியிட்ட உத்தரவு, மே 4 முதல் மேலும் 180 நாட்களுக்கு அதை நீட்டித்துள்ளது. உயர் நீதிமன்றத்தை அணுகலாமா?

பதில்: பணியிடை நீக்கம் தண்டனையாகக் கருதப்படுவதில்லை என்பதால், விசாரணையின்றிப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கும் அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு இந்தக் கட்டத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது. உங்களுக்குத் துணை நிற்பது 1965-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளின் 10-ஆவது விதிதான். தொண்ணூறு நாள் முடிவதற்குள் பணியிடை நீக்கத்தைத் தொடரலாமா என்று பார்க்கும் துறையின் மறுஆய்வுக் குழுவின் பரிந்துரையைப் பெற்று நீட்டிக்காவிட்டால் பணியிடை நீக்கம் செல்லாது என்கிறது அவ்விதி. உங்கள் கணக்கில் அந்தக் கெடு மே 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. காலாவதியான உத்தரவுக்கு, குழு பின்னர் கூடி முன்தேதியிட்டு உயிர் கொடுக்க முடியாது என்பதை தீபக் மாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நீங்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தால் மட்டும், விடுவிக்கப்பட்ட தேதி, அதைத் துறைக்குத் தெரிவித்த தேதி ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து தொண்ணூறு நாளைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மறுஆய்வுக் குழு எப்போது கூடியது, நீட்டிப்பில் எப்போது கையெழுத்தானது என்பதே வழக்கின் உயிர்நாடி. துறை, குழு ஏப்ரலிலேயே கூடியது என்று சொல்லக்கூடும். குழு கூடினால் போதாது, உரிய அதிகாரியின் உத்தரவும் கெடுவுக்குள் பிறந்திருக்க வேண்டும். எனவே, கூட்டக் குறிப்பையும் கோப்புக் குறிப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள், உத்தரவு வந்த தபால் உறையையும் எறிந்துவிடாதீர்கள்.

உயர் நீதிமன்றத்துக்கு நேரே செல்ல இயலாது. உச்ச நீதிமன்றத்தின் 1997-இன் சந்திரகுமார் தீர்ப்பின்படி, முதலில் மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வைத்தான் நாட வேண்டும். அதன் முடிவுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்குச் செல்ல முடியும். தீர்ப்பாயமும், துறைக்குள் உள்ள வழிகளைப் பயன்படுத்தினீர்களா என்று கேட்கும் என்பதால், உத்தரவு கிடைத்த 45 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்துவிடுங்கள். அத்துடன், பணியில் சேர அனுமதி கேட்டு ஒப்புகை அட்டையுடன் ஒரு கடிதமும் அனுப்புங்கள்.

குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 2015-ஆம் ஆண்டு அஜய் குமார் சௌத்ரி தீர்ப்பையும் மேல்முறையீட்டில் சேர்க்கலாம். ஆனால் அதை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள், நாள்கணக்குதான் உங்களிடம் உள்ள வலுவான வாதம். அதுவரை, வேறு வேலையில் இல்லை என்ற சான்றைத் தவறாமல் கொடுத்துப் பிழைப்பூதியத்தை (பணியிடை நீக்கக் காலத்தில் சம்பளத்துக்குப் பதில் தரும் தொகை) பெற்றுவாருங்கள். முதல் மூன்று மாதம் கழிந்துவிட்டதால், தாமதத்துக்கு நீங்கள் காரணமில்லை என்று காட்டி அதை உயர்த்தித் தரவும் எழுத்தில் கேளுங்கள்.