அவர் சொல்லி முடிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

74 வயதான என் அப்பாவுக்குச் சில மாதங்களாக இரவில் சரியான தூக்கமில்லை. சென்ற வாரம் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருத்துவர் முப்பது வயதைத் தாண்டாத பெண். பொறுமையாகத்தான் விசாரித்தார். அப்பா தயங்கித் தயங்கிப் பேசுவார் என்பதால் நானே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். வெளியே வந்ததும் அவர், "சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? வயதான டாக்டர் யாரிடமாவது கூட்டிப் போ" என்று கோபித்துக்கொண்டார். படித்தவரிடம் இவ்வளவு பிற்போக்கை நான் எதிர்பார்க்கவில்லை. இந்த மனநிலையை எப்படி மாற்றுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிச் செல்ல என்னால் முடியவில்லை. "நானே எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதே தவற்றை என் அம்மாவுக்குச் செய்தவன் நான். அண்மைக்காலமாக அதை நினைத்து வருந்திக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

வயதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட முதியவர்களைப் பற்றி 2017இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், 40 வயதுக்குட்பட்ட மருத்துவர்கள் கவனித்தவர்களில் முப்பது நாட்களுக்குள் இறந்தோர் 10.8 விழுக்காடு, 60 வயதைத் தொட்ட, கடந்த மருத்துவர்களிடம் அது 12.1. நிறைய நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்களிடையே இந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே நரைத்த தலையைத் தேடி அலைய வேண்டியதில்லை. இளம்பெண்ணிடம் பேச அப்பா கூசியிருந்தால், அந்தக் கூச்சத்தைப் பிற்போக்கு என்று ஏசாதீர்கள். 1816இல் லேனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கித் தாளைக் குழலாகச் சுருட்டியதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அந்தக் குழல் வழியே இதயத்துடிப்பு முன்னைவிடத் தெளிவாகவே கேட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

என் அம்மாவுக்கு அடிக்கடித் தலைசுற்றல் வந்தது. பெயர்பெற்ற மூத்த மருத்துவர் ஒருவரிடம் மாதக்கணக்கில் அழைத்துப் போனேன். இரத்த அழுத்த அளவுகளைத் தேதிவாரியாக எழுதிய நோட்டுப் புத்தகத்துடன் உள்ளே நுழைந்து, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன். மருத்துவரும் என் முகத்தைப் பார்த்தே, "சாப்பிடுகிறார்களா? தூங்குகிறார்களா?" என்று கேட்பார். பக்கத்தில் அமர்ந்திருந்தவரை நாங்கள் இருவரும் படர்க்கையிலேயே வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் அவருக்குப் பதிலாக இளைஞர் ஒருவர் இருந்தார். நான் நோட்டைத் திறந்ததும், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் சார்" என்றார். எனக்குக் கடும் கோபம். அம்மா உள்ளே பேசியது சில நிமிடங்கள்தான். இருமினாலும் எழுந்து நின்றாலும் சிறுநீர் கசிகிறது, அதற்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாகவே இருந்தது. அம்மாவின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே அந்த மருத்துவர் இதை என்னிடம் சொன்னார். முன்பின் அறியாத ஓர் ஆணிடம், அதுவும் தன் பேரன் வயதுள்ளவரிடம் சொல்ல முடிந்ததைப் பெற்ற மகனை வைத்துக்கொண்டு அவரால் சொல்ல முடியவில்லை. அத்தனை மாதங்கள் அவரைத் தாகத்தோடு இருக்கவைத்தது என் பேச்சு.

நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று 1984இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. அதைச் சொல்லி மருத்துவர்களைத் திட்டுவதற்கு நாமெல்லோரும் தயாராக இருக்கிறோம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், மருத்துவர்கள் இடைமறிக்காமல் கேட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 வினாடிகளில் தாங்களாகவே பேசி முடித்தார்கள். நூற்றுக்கு 78 பேருக்கு இரண்டு நிமிடமே போதுமாக இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தைத் தர அன்று அந்தப் பெண் தயாராக இருந்திருக்கிறார், அதை எடுத்துக்கொண்டது நீங்கள். தயங்கிப் பேசுபவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உங்களுக்கு ஏன் தோன்றவில்லை? தூக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எதனால் விழித்துக்கொள்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும். பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறாரா, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காரணமில்லாத பயமா? ஒவ்வொன்றும் வேறு வேறு நோயைக் காட்டக்கூடியது. இதில் எதை மகளின் முன்னால் சொல்வார்? உங்கள்மேல் கோபப்பட மனம் வராமல் அந்த மருத்துவர்மேல் கோபப்பட்டிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

அன்பினால்தான் முந்திக்கொண்டு பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் பேசினேன். அப்பாவிடம் வருத்தம் தெரிவித்துவிட்டு, அந்த மருத்துவரிடமே இன்னொரு முறை போகலாமா என்று கேளுங்கள். அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். உள்ளே நீங்கள் வர வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும். வரச் சொன்னால் அவருக்குப் பின்னால் உட்காருங்கள். அவர் எதையாவது மறந்திருந்தால், முடித்த பிறகு அவரிடமே அதை நினைவூட்டுங்கள். அதற்குப் பிறகும் வயதான மருத்துவர்தான் வேண்டும் என்றால், மறுபேச்சில்லாமல் அழைத்துப் போங்கள்.