சின்ன தோட்டத்து ஒயினை கடைக்காரர்கிட்ட கொண்டு போறது எப்படி? கேளுங்க

பாரீஸ்ல இருக்கேன், சொந்த ஊரு பாண்டிச்சேரி. பிரான்ஸ்ல ஜூரா, ஷாம்பெய்ன் பக்கம் திராட்சை போட்டு ஒயின் செய்ற சின்ன தோட்டக்காரங்க சில பேருக்கு ஏஜென்ட். ஸ்டாக் வைக்கிறதில்ல, கமிஷன் மட்டும்.

கேள்வி: அண்ணே, முதல் தடவை கடைக்குப் போறப்ப என்ன பண்ணணும்?

பதில்: சனிக்கிழமை போகாத தம்பி, கூட்டம். திங்கள் பாதி கடை மூடியிருக்கும். செவ்வாய், புதன் மதியம், ஃபோன் பண்ணிட்டு போ. மூணு ஒயினுக்கு மேல வேணாம், ஆனா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பாட்டில் வெச்சுக்க. ஊத்துறதுக்கு முன்னாடி நீ மோந்து பாரு. நான் ஒரு தடவை பேச்சு சுவாரஸ்யத்துல மோந்து பாக்காம ஊத்திட்டேன், கார்க்கால கெட்ட பாட்டில், நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். கடைக்காரர் ஒண்ணுமே சொல்லல, கிளாஸை ஓரமா தள்ளி வெச்சுட்டு பில் எழுத ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டாவது பாட்டில் கையில இல்ல. அதோட அந்தக் கடை போச்சு.

தோட்டக்காரரோட தாத்தா கதையெல்லாம் அப்புறம். கடைக்காரர் கேக்கப் போறது எத்தனை பாட்டில் இருக்கு, அடுத்த வருஷமும் கிடைக்குமா, ரெண்டுதான். 2021 ஏப்ரல்ல பனி அடிச்சு ஜூராவுல துளிரெல்லாம் கருகிருச்சு, இவ்ளோதான் தேறும்னு அப்பவே எல்லா கடைக்கும் ஃபோன் போட்டு சொன்னேன். சொல்லாம அறுவடை வரைக்கும் இழுத்திருந்தா ஒருத்தரும் மறுபடி கதவைத் திறந்திருக்க மாட்டாங்க.

கேள்வி: ஜூரா மஞ்ச ஒயின் பாட்டில் சின்னது, விலை ஜாஸ்தி, எப்படி விக்கிறீங்க?

பதில்: நல்ல கேள்வி. சவான்யின் திராட்சை, பீப்பாயில ஆறு வருஷத்துக்கு மேல கிடக்கும், ஆவியாகி குறைஞ்சாலும் மறுபடி ஊத்தி நிரப்ப மாட்டாங்க, மேல ஈஸ்ட் ஆடை மாதிரி படியும். ஒரு லிட்டர் ஊத்தினா கடைசில மிஞ்சுறது இவ்ளோன்னு சொல்லித்தான் 62 சென்டிலிட்டர் பாட்டில், பேரு கிளாவ்லேன். திறந்து வெச்சாலும் வாரக்கணக்குல நிக்கும், அதனால கடைக்காரர் ஒரே பாட்டிலை வெச்சு எத்தனையோ பேருக்கு ருசி காட்டலாம். இதை முதல்ல சொல்லு. கூட ஒரு துண்டு கோன்த்தே கொண்டு போ, அந்தப் பக்கத்து சீஸ்.

கேள்வி: லேபிள்ல 'பழைய கொடி'ன்னு போட்டா நல்லா போகுமா?

பதில்: பிரான்ஸ்ல அதுக்கு சட்டத்துல வரையறையே இல்ல. கடைக்காரருக்குத் தெரியும். கொடிக்கு எத்தனை வயசுன்னு நம்பரைச் சொல்லு.

கேள்வி: ஷாம்பெய்ன்ல சின்ன ஆளுன்னு எப்படி தெரியும்?

பதில்: லேபிள்ல பொடி எழுத்துல ஆர்.எம். இருக்கும். தானே விளைச்சு தானே செய்றவர். என்.எம்.னா திராட்சை வெளிய வாங்கலாம்.

கேள்வி: சாம்பிளை தபால்ல அனுப்பலாமா?

பதில்: வேணாம்.

கேள்வி: சல்பைட், அதான் ஒயின் கெடாம இருக்க போடுறது, அது இல்லாத ஒயின்னு சொல்லி வித்தா? அதனாலதானே தலைவலி.

பதில்: ஆரம்பிச்சுட்டீங்களா. ஒயின் புளிக்கிறப்பவே கொஞ்சம் சல்பைட் உண்டாகும், 'சேர்க்கல'ன்னு சொல்லு, 'இல்ல'ன்னு சொல்லாத.

கேள்வி: எனக்கு ரெட் குடிச்சா மட்டும்தான் வலிக்குது அண்ணே, அப்ப அது சல்பைட் இல்லாம என்ன?

பதில்: ஐரோப்பாவுல சாதாரண ரெட்டுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம்தான் லிமிட், ஒயிட்டுக்கு 200. நீ சொல்றது சரின்னா ஒயிட்டுலதானே ஜாஸ்தி வலிக்கணும்? காய்ஞ்ச ஆப்ரிகாட்டுக்கு கிலோவுக்கு 2000 வரைக்கும் விடுறாங்க, அதைத் தின்னுட்டு யாராவது தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்காங்களா?

கேள்வி: ஆப்ரிகாட்டை யாரு கிளாஸ் கிளாஸா சாப்பிடுறா?

பதில்: அப்ப கிளாஸை எண்ணுப்பா!

கேள்வி: இந்தியாவுக்கு அனுப்ப லைசென்ஸ்?

பதில்: அங்க இம்போர்ட் பண்றவங்களைக் கேளுங்க, எனக்கு அது தெரியாது.

கேள்வி: கூரியர்ல சாம்பிள் அனுப்பினா?

பதில்: கூரியரும் தபால்தான். நாலு மணிக்கு ஒரு கடை இருக்கு, பாட்டில் மோந்து பாக்கணும், வரேன்.