வேட்டைத் துப்பாக்கியும் இரண்டு விமான நிறுவனங்களும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஹூஸ்டனில் கிரீன் கார்டுடன் வசிக்கிறேன். ஜூன் மாதம் நமீபியாவுக்குக் குடு மான் வேட்டைக்குப் போகிறேன். அட்லாண்டா வழியாக ஜோஹன்னஸ்பர்க் வரை ஒரு விமான நிறுவனம், அங்கிருந்து நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்குக்கு வேறொன்று. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் பணம் மிச்சமாகிறது. .30-06 ரைஃபிள் ஒன்றும் 60 தோட்டாக்களும் கொண்டுபோகிறேன். சிக்கல் வருமா?

பதில்: வரும். அந்த மிச்சத்தை மறந்துவிட்டு இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் முதல் நிறுவனம் உங்கள் பெட்டியை ஜோஹன்னஸ்பர்க்கோடு இறக்கிவிடும். நீங்கள் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்து அதை எடுக்க வேண்டும். அந்த நிமிடமே துப்பாக்கி தென்னாப்பிரிக்காவுக்குள் வந்துவிட்டதாக ஆகிறது, தற்காலிக இறக்குமதி அனுமதி இல்லாமல் அதைத் தொட முடியாது.

அந்த அனுமதிக்கு எஸ்.ஏ.பி.எஸ். 520 என்ற காவல்துறைப் படிவம் இருக்கிறது. கறுப்பு மையில் நிரப்புங்கள், ஆனால் கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். வேட்டைப் பண்ணையின் அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், துப்பாக்கியை நீங்கள்தான் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோனீர்கள் என்பதற்குச் சான்றான அமெரிக்கச் சுங்கத்தின் 4457 படிவம் எல்லாம் கையில் இருக்கட்டும். வரிசை நீளமாக இருந்தால் அடுத்த விமானம் போய்விடும்.

ஒரே டிக்கெட் எடுத்ததும் வேலை முடிந்துவிடாது. சாதாரணப் பெட்டியைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் இரு நிறுவனங்கள் துப்பாக்கியைக் கைமாற்ற மறுக்கலாம். இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதி, ‘ஏற்றுகிறோம்’ என்ற பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இறங்கும் நாட்டின் இசைவு தேவையா என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகிறவர்கள் துப்பாக்கி விமானம் மாறுவதற்கு மட்டுமே டச்சுச் சுங்கத்திடம் முன்னிசைவு வாங்க வேண்டும். ஹூஸ்டன் கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் அட்டையை நீங்களே படித்துப் பாருங்கள்: கடைசி ஊர் விண்ட்ஹூக் என்று இல்லாவிட்டால் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். இந்த ஒரு பார்வையைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகமான போல்ட்டைக் கழற்றி, கெட்டியான பெட்டியில் வைத்து, பூட்டு போடும் துளைகள் எல்லாவற்றிலும் பூட்டுங்கள். மூலையை நெம்பினால் விரல் நுழைகிற பெட்டி உதவாது. சாவி உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: தோட்டாக்களைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே வைக்கலாமா? நண்பருடையதையும் சேர்க்கலாமா?

பதில்: அமெரிக்க விதி அனுமதித்தாலும் பல வெளிநாட்டு நிறுவனங்கள் தனிப்பெட்டிதான் கேட்கும். இரண்டில் கடுமையான விதிப்படியே பெட்டி கட்டுங்கள்: தோட்டாவை அதற்குரிய டப்பாவில் அடுக்கி, பூட்டக்கூடிய சிறு உலோகப் பெட்டிக்குள் வைத்து, சூட்கேஸில் போட்டு அனுப்புங்கள். டப்பாவோடு சேர்த்து ஆளுக்கு 5 கிலோதான் வரம்பு. 60 தோட்டா இரண்டு கிலோவைத் தாண்டாது, கவலை வேண்டாம். இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. வெடிமருந்துத் தூளையும், தோட்டாவைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரையும் தனியாகப் பயணப் பெட்டியில் கொண்டுபோக முடியாது.

கேள்வி: 4457 படிவத்தில் பழைய காலாவதித் தேதி அச்சாகியிருக்கிறது. செல்லுமா?

பதில்: அந்தத் தேதி அச்சிட்ட படிவத்துக்கானது, உங்கள் சான்றிதழுக்கானது இல்லை. ஆனால் வெளிநாட்டுக் காவலர் அதைச் சான்றிதழின் காலாவதியாகப் படித்துத் திருப்பி அனுப்பிய சம்பவங்கள் உண்டு. புதிய பதிப்பில் மறுபடி வாங்குங்கள், கட்டணம் கிடையாது. கிளம்புமுன் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், வரிசை எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்கள். எண்ணில் ஒரு எழுத்து பிசகினாலும் அங்கேயே திருத்திக்கொள்ளுங்கள். திரும்பும்போது அட்லாண்டாவில் பெட்டியை எடுத்து, இதே தாளைக் காட்டி, ஹூஸ்டன் விமானத்துக்காகத் துப்பாக்கி இருப்பதை மறுபடி சொல்லி ஒப்படைக்க வேண்டும்.