அண்ணியின் தட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்ணன் இறந்தபின் அண்ணி எங்களோடு இருக்கிறார். அவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு, பல ஆண்டுகளாக அரசு மருத்துவமனையில் கூட்டு மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார். என் மனைவி அவருக்குத் தனித் தட்டும் டம்ளரும் வைத்திருக்கிறாள். கொசுக்கடியால் குழந்தைக்கு வந்துவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார். 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து கொடுங்கள்' என்கிறார் ஓர் உறவினர். பாதுகாப்புக்காகத் தட்டைத் தனியாக வைப்பதில் என்ன தவறு?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

முதலில் உறவினரின் யோசனையைத் தள்ளிவிடுங்கள். அண்ணி நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். மருந்து வைரஸை அடக்கி வைக்கிறது, அழித்துவிடுவதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலேயே அது மறுபடி பெருகத் தொடங்கும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கொசு கடிக்கும்போது தன் உமிழ்நீரைத்தான் நம் உடலில் விடுகிறது, முன்பு குடித்த இரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவுக்குள் வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. எச்.ஐ.வி.யால் கொசுவுக்குள் வளர முடியாது. வயிற்றிலேயே செரித்துப் போகிறது.

எச்சில், வியர்வை, தொடுதல், ஒரே கழிப்பறை இவற்றாலும் தொற்று வராது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்த காலத்திலேயே, வீட்டுப் புழக்கத்தால் இது பரவாது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். அன்று இல்லாதது சிகிச்சை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூடத் தொற்று பரவுவதில்லை. இதைப் பெரிய ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. தட்டிலிருந்து என்ன வரப்போகிறது?

'என்ன தவறு' என்று கேட்டீர்கள். தவறு இருக்கிறது, பெரிய தவறு. ஒதுக்கப்படுகிறவர் மாத்திரையை மறைத்து வைப்பார். விருந்தினர் வந்தால் எடுக்கமாட்டார், ஊருக்குப் போனால் கொண்டுபோக மாட்டார். வேளை தவறத் தவற, மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகலாம். பாதுகாப்பு என்று நீங்கள் வைத்த தட்டு அவருடைய உயிருக்குத்தான் உலை வைக்கிறது. அண்ணனையும் இழந்துவிட்டு, அந்தத் தட்டில் தினமும் அவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று நினைக்கவே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சட்டமும் அவர் பக்கம்தான். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், தொற்று உள்ளவர் குடும்ப வீட்டில் வசிக்கவும் அங்குள்ள வசதிகளைப் பாகுபாடின்றிப் பயன்படுத்தவும் உரிமை தருகிறது. அவர் உங்களை நம்பிச் சொன்னதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியே சொல்லவும் கூடாது.

கவனம் வேண்டிய இடங்களும் உண்டு. பிளேடு, ஊசி போன்றவற்றை எந்த வீட்டிலும் பகிரக் கூடாது. காசநோய்தான் நான் உண்மையில் அஞ்சுவது. அது காற்றில் பரவும், எச்.ஐ.வி. உள்ளவர்களை எளிதில் தாக்கும். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். அண்ணிக்கு இருமல், காய்ச்சல், எடைக்குறைவு என எது வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

அண்ணி சம்மதித்தால், அடுத்த முறை அவர் மருந்து வாங்கப் போகும்போது மனைவியையும் அம்மாவையும் உடன் அனுப்புங்கள். அங்குள்ள ஆலோசகரிடம் அவர்களே கேட்கட்டும். அதுவரை சந்தேகம் எழுந்தால் 1097 என்ற இலவச எண் இருக்கிறது. தட்டை மட்டும் இன்றிரவே மற்றத் தட்டுகளோடு சேர்த்துவிடுங்கள்.