சுவடிகளில் தங்கியிருக்கும் நஞ்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த கையெழுத்துச் சுவடிகளைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, ஓரங்களில் வெண்ணிறத் தூள் படிந்திருந்தது. மெல்லிய தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்துவிடலாமா?

பதில்: தட்டவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். அந்தத் தூள் பூஞ்சையாக இருக்கலாம், ஈரம் காய்ந்தபின் படிந்த உப்பாக இருக்கலாம், பூச்சி அரிக்காமலிருக்க எப்போதோ தூவிய மருந்தாகவும் இருக்கலாம். இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே, கேடானது எதுவோ அதுவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குவதே முறை.

நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஒரு காலத்தில் ஆர்செனிக் சேர்மங்களும், வீரம் என்று சித்த மருத்துவம் குறிப்பிடும் மெர்க்குரிக் குளோரைடும், பின்னர் டிடிடி, லிண்டேன் முதலிய பூச்சிக்கொல்லிகளும் தாராளமாகப் பயன்பட்டன. எதை, எப்போது, எவ்வளவு இட்டார்கள் என்று எழுதி வைத்தவர்கள் குறைவு. சுவடியை எழுதியவர் வண்ண நிறமியாகச் சேர்த்த நஞ்சைவிட, அதைக் காப்பாற்ற நினைத்தவர்கள் சேர்த்த நஞ்சுக்கே நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து. நிறமி பெரும்பாலும் பசையோடு ஏட்டில் ஒட்டிக் கிடக்கிறது. மருந்துத் தூளோ ஏட்டைப் புரட்டும்போதெல்லாம் காற்றில் எழும்பி மூக்குக்கும் கைக்கும் வருகிறது. நெடி இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்றும் கொள்ளக் கூடாது. நாஃப்தலீன் உருண்டை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆர்செனிக் தூள் அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. மெர்க்குரிக் குளோரைடு காலப்போக்கில் சிதைந்து பாதரச ஆவியை வெளிவிடக்கூடும். தூசியைத் தடுக்கும் முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. எனவே, நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியையோ அலமாரியையோ திறந்தவுடன் அதற்குள் தலையை நீட்டாமல், சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுச் சற்று நேரம் அறையை விட்டு விலகியிருப்பது நல்லது.

பிறகு நைட்ரைல் கையுறையும், நுண்தூசியைத் தடுக்கும் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட தரமுள்ள முகக்கவசமும் அணிந்து, சுவடியைத் தனி பாலித்தீன் உறையில் இட்டு, 'மருந்துத் தூள் இருக்கலாம்' என்று உறையின் மேல் எழுதி வையுங்கள். பருத்திக் கையுறை இதற்கு உதவாது. தூள் அதன் இழைகளில் ஏறி, தொடும் இடமெல்லாம் பரவும்.

ஆர்செனிக், பாதரசம், ஈயம் ஆகியவை இருக்கின்றனவா என்பதை எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைக் கொண்டு, ஏட்டிலிருந்து ஒரு துகளும் எடுக்காமலே கண்டறியலாம். ஆனால் அந்தக் கருவி தனிமங்களை மட்டுமே காட்டும். நாஃப்தலீன் போன்ற கரிமச் சேர்மங்களை அது காட்டாது என்பதால், 'கருவியில் ஒன்றும் தெரியவில்லை' என்ற முடிவைக் கொண்டு மட்டும் கையுறையைக் கழற்றிவிட முடியாது.

கேள்வி: பழைய சுவடிகளில் உள்ள மஞ்சள், சிவப்பு, பச்சை வண்ணங்கள் நஞ்சுள்ளவை என்கிறார்கள். அவற்றைப் படிப்பதே ஆபத்தா?

பதில்: பொன்மஞ்சள் நிறம் தரும் அரிதாரம் ஆர்செனிக் சல்ஃபைடு; சாதிலிங்கச் சிவப்பு மெர்க்குரிக் சல்ஃபைடு; செந்தூர நிறத்துக்கும் வெள்ளைக்கும் ஈயச் சேர்மங்கள் பயன்பட்டன. சில இடங்களில் நஞ்சு என்று அறிந்தே இவற்றைச் சேர்த்தார்கள்: நேபாளத்தில் தாள் முழுவதும் அரிதாரம் பூசி எழுதிய சுவடிகள் உண்டு, தென்சீனத்தில் நூல்களின் முன்னும் பின்னும் ஈயச் செந்தூரம் பூசிய தாளை வைத்துத் தைத்தார்கள். இரண்டுமே பூச்சியை விலக்குவதற்கான ஏற்பாடுகள், அவை நன்றாகவே பலன் தந்தன.

வண்ணம் உதிராமல் இருக்கும் ஏட்டைத் தூய கையால் புரட்டிப் படிப்பதால் நேரும் ஆபத்து மிகக் குறைவு. விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுவது, வேலை மேசையிலேயே உண்பது, கை கழுவாமல் கண்ணைத் தேய்ப்பது ஆகியவையே நஞ்சு உடலுக்குள் போகும் வழிகள். கைகளைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். கிருமிநாசினித் திரவம் உலோகத் துகளை அகற்றாது.

சுவடிகளைச் செப்பனிட்டுக் காக்கும் பேணுநருக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. அரிதாரம் வெளிச்சம் பட்டுப் பட்டு, தன்னைவிடக் கொடிய, நீரில் ஓரளவு கரையக்கூடிய ஆர்செனிக் டிரையாக்சைடாக மாறுகிறது. மஞ்சள் வெளுத்துப்போன ஏட்டை நனைத்துச் செப்பனிட்டால், ஆர்செனிக் கரைந்து நஞ்சில்லாத பகுதிக்கும் பரவக்கூடும். ஆகையால் அப்படிப்பட்ட ஏட்டில் ஈரம் படும் எந்த வேலையையும், சோதனை முடிவு கையில் வரும் வரை ஒத்திவைப்பதே சரி. 19ஆம் நூற்றாண்டு நூற்கட்டுகளில் வரும் பளிச்சென்ற பச்சைத் துணியுறையும் தனிக் கவனத்துக்குரியது. 1814 முதல் வணிகமுறையில் தயாரான மரகதப் பச்சை செம்பும் ஆர்செனிக்கும் கலந்தது; துணியுறையிலிருந்து அது எளிதில் கையில் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: பூஞ்சை பிடித்த ஏடுகளை வீட்டிலுள்ள தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடாது. நுண்துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத கருவி முன்னால் உறிஞ்சிய வித்துகளைப் பின்னால் அறைக்குள்ளேயே வீசிவிடும். முதலில் ஏட்டை உலர விடுங்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வது பெரும்பாலும் நின்றுவிடும். நின்றுபோன பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை மேற்கொள்ளக் கூடாது.

கேள்வி: அப்படியானால் பூச்சிக்கு இன்று என்ன செய்வது? நாஃப்தலீன் உருண்டைகளையாவது வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அதன் ஆவியை மனிதரும்தான் சுவாசிக்கிறார்கள். எத்திலீன் ஆக்சைடு புகையூட்டலும் புற்றுநோய்க் காரணி என்று தெரிந்தபின் பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டது. இன்று, ஏட்டைக் காற்றுப் புகாத உறையில் இட்டு மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு வாரம் உறைய வைப்பதும், நைட்ரஜன் நிரப்பி உயிர்வளியை அகற்றுவதும் நடைமுறையில் உள்ளன. வண்ணம் தீட்டிய ஏடுகளையும் தோலில் எழுதியவற்றையும் பேணுநரைக் கேளாமல் உறைய வைக்காதீர்கள்.

கேள்வி: பயன்படுத்திய கையுறைகளையும் துடைத்த துணியையும் குப்பையில் போடலாமா?

பதில்: அவற்றை உறையில் இட்டு மூடி, நஞ்சுக் கழிவு என்று எழுதி, அபாயகரக் கழிவுகளைப் பெறும் அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். எரித்தால் ஆர்செனிக்கும் பாதரசமும் புகையோடு வெளியேறும். வேலையின்போது அணிந்த மேலங்கியையும் மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள்.